மம்பட்டி எடு

கோப்பிக் காலத்தில் பன்வில மலையில் ஒரு தோட்டமே, கடவுள் பெயரைச் சொல்வதற்கு முன்னால் என்னைத் திட்டிவிட்டுத்தான் கண் விழித்தது. பெரட்டுக்கு அடிக்கிற தப்புப் பறை என் கையில் இருந்ததுதான் காரணம். விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. துரைமார் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒரு சொல் எங்கள் வாயில் அப்படி ஆயிற்று. அந்தக் குளிரில் எழும்பும்போது எல்லோருக்கும் வயிற்றைப் பிரட்டியதால் பெயர் பொருத்தமாகவே இருந்தது.

நான் அடிக்கிற அடிக்கு லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் வார்த்தை வைத்திருந்தார்கள். டக்குடக்கு டண், டக்குடக்கு டண் என்றால் அவர்கள் காதில் ‘மம்பட்டி எடு, மம்பட்டி எடு’ என்று விழும். இரண்டு வயதுப் பிள்ளைகூட அந்த அடியைக் கேட்டால் எழுந்து நிற்கும். அவ்வளவு பேருடைய சாபத்தையும் தினசரி வாங்கிக்கொண்டு நான் கொழுகொழுவென்றுதான் இருந்தேன். அடித்து முடித்தால் மலைக்குப் போக வேண்டாம். அதுதான் என் சம்பாத்தியம்.

தப்பு அடிப்பவனும் நானே, செய்பவனும் நானே. பலாக்கட்டையில் மூன்று வளைந்த துண்டுகளைச் செதுக்கி, வட்டமாகப் பொருத்தி, இரும்புப் பட்டை அடித்து, புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையால் தோலை ஒட்டுவேன். தோலுக்குப் பஞ்சமே கிடையாது. ரயில் வராத காலம் அது. கோப்பி மூட்டையெல்லாம் மாட்டு வண்டியில் கண்டிக்குப் போய், கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கிக் கொழும்புக்குப் போகும். அந்த இறக்கத்தில் மாடுகள் விழுந்து செத்துக்கொண்டே இருக்கும். திரும்பி வருகிற வண்டிக்காரர்கள் அரிசி மூட்டையோடு எனக்கும் ஒரு தோலைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

மலையில் வெயில் அபூர்வம். அது விழுகிற ஒரே நல்ல இடம் துரை கோப்பி காய வைக்கிற களம். துரை பங்களாவில் இருக்கிற நேரமாகப் பார்த்து, களத்தின் மூலையில் தோலை விரித்துவிடுவேன். சீமைக்குக் கப்பலேறிப் போன கோப்பியில் கொஞ்சம் மாட்டு வாசனையும் போயிருந்தால், அதைக் குடித்தவர்கள் மன்னிக்கட்டும். என் பெண்சாதி மன்னிக்கவில்லை. “ஒன்ன கட்டிக்கிட்ட அன்னிக்கே மூக்க கழட்டி கூரையில சொருகிட்டேன்” என்பாள்.

இப்படி எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே தள்ளிவிடுகிற எனக்கு ஒரே ஒரு காரியம் மட்டும் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தது. அது ஒரு கான்.

மழைத் தண்ணீர் கோப்பிச் செடிக்கடி மண்ணை அரித்துப் போகாமல் இருக்க மலையெங்கும் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலுக்குத்தான் கான் என்று பெயர். எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு முன்னாலும் ஒரு கான் ஓடியது. கோயில் என்றால் கோபுரம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கல், அதற்கு மேல் தகரம், பக்கத்தில் ஒரு வேம்புக் கன்று. குளிரில் அந்த வேம்பு வளரவும் இல்லை, சாகவும் இல்லை. திருவிழாவில், எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியும் அவருடைய சனமும் கானுக்கு உள்ளே நிற்பார்கள். நான் வெளியே. செத்த மாட்டைத் தொடுகிற கை என்பது காரணம். ஆனால் நான் அடிக்காமல் ஆத்தா பூசாரி மேல் இறங்கமாட்டாள். அவளை வரவழைக்கிறவன் நான், அவளைப் பார்க்க முடியாதவனும் நான். கங்காணியின் முதுகைத்தான் ஒவ்வொரு வருஷமும் தரிசித்தேன். அகலமான முதுகு. ஒரே ஒரு தடவை அந்தக் கானைத் தாண்டி நின்று அடிக்க வேண்டும் என்று எனக்கு வெறி. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நினைப்பில் நான் அழுததும் உண்டு.

அந்த நேரத்தில் பெரிய கங்காணி தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மாப்பிள்ளை பக்கத்து மலைத் தோட்டத்துக் கங்காணி மகன். நாகசுரமும் தவிலுமாக மேளம் வைக்க வேண்டும் என்று கங்காணிக்கு ஆசை. கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். மன்னாரில் கரையிறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். மாத்தளைக்கு வடக்கே ஓர் ஆற்று வெள்ளத்தில் தவில்காரருடைய உயிர் ஒரு பக்கமும் தவில் ஒரு பக்கமுமாக மிதக்க, அவர் உயிரைப் பிடித்துக்கொண்டார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது கையில் தவிலடிக்கிற கழி மட்டும் இருந்தது.

பிலிமத்தலாவைக்கு அருகே சிங்கள மேளம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, கங்காணி ஒரு வண்டிக்காரனிடம் “ஒரு தவில் செஞ்சி வாங்கிட்டு வா” என்று சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வண்டி வந்தது. மேளத்தை இறக்கினார்கள். தவில்காரர் அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது தவில் இல்லீங்களே” என்றார்.

“பின்ன என்னாய்யா?”

“தவிலப் புடிச்சி ரெண்டு பக்கமும் இழுத்த மாதிரி இருக்குங்க.”

ஒரு தட்டு தட்டினார். கிணற்றுக்குள் பூசணிக்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. கங்காணி என்னைக் கூப்பிட்டனுப்பினார். “தோல் சமாச்சாரம் ஒனக்குத்தான் தெரியும். இத கொண்டு போயி தவிலாக்கிட்டு வா. இல்லாட்டி நாளைக்கே நீ மலைக்கு ஏறு” என்றார். கல்யாண மேளத்தை நான் தொடலாமா என்று கேட்க நாக்கு துடித்தது. என் கொழுப்பை விழுங்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

மேளம் கட்டுகிற சிங்களவர் தன் வீட்டு முற்றத்தில் ஒரு கட்டையைக் குடைந்துகொண்டிருந்தார். என்னைவிட பத்து வயது மூத்தவர், வெற்றிலைக் கறை படிந்த வாய். நான் மேளத்தைக் காட்டி, தவில் கேட்டதற்கு இதைக் கொடுத்திருக்கிறீர்களே என்று சந்தைச் சிங்களத்தில் சண்டைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தவுல கிவ்வா, தவுல துன்னா” என்றார். தவுல என்று சொன்னீர்கள், தவுல கொடுத்தேன் என்று அர்த்தம். அவர்களுடைய மேளத்துக்குப் பெயரே தவுலதான். வண்டிக்காரன் சொன்ன ‘தவில்’ அவர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. குற்றம் யார் மேலும் இல்லை. ஆனால் மலைக்கு ஏறப் போகிறவன் நான்.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. இரண்டு பேருமாக ஒரு பக்கத்துத் தோலைக் கழற்றி, மெல்லிய ஆட்டுத் தோல் வைத்து, வாரை இழுத்துக் கட்டினோம். வேலைக்கு நடுவே அவர், தன் மேளம் கண்டிப் பெரிய கோயிலுக்குள்ளேயே போய் முழங்கும் என்றார். எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

“அப்ப ஒங்களுக்கு ஊர்ல நல்ல மரியாதைதான்?” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே கையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் காட்டினார். “பெரிய வீட்டுக்குப் போனா எனக்கு இவ்வளவு முக்காலி. கதிரை இல்ல, மல்லி” என்றார். கதிரை என்றால் நாற்காலி, மல்லி என்றால் தம்பி. கடலுக்கு அந்தப் பக்கத்து மனிதரும் இந்தப் பக்கத்து மனிதரும் இதை மட்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறார்கள்.

அங்கே வெயிலில் மேளம் கணீரென்று பேசியது. தவில் மாதிரியே என்று சொல்லமாட்டேன், தவிலுக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். தோட்டத்தில் தவில்காரரும் அடித்துப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு தலையாட்டினார்.

கல்யாணத்தன்று காலையில் பனி இறங்கியது. பன்வில பனி எந்தத் தோலையும் பழந்துணியாக்கிவிடும். கோயிலுக்கு முன்னால், கானுக்கு உள்ளே பந்தல். துரை கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ரோட்டிலிருந்து துரையைத் தப்படித்து அழைத்து வருவது மட்டும்தான் என் வேலை. அது முடிந்து, கானுக்கு வெளியே சுள்ளியைக் கொளுத்தி, குளிருக்கு நானும் காய்ந்து தப்பையும் காய்ச்சிக்கொண்டிருந்தேன். சூடு பட்டால்தான் தோல் இறுகும். தவில் தொய்ந்துபோயிருப்பது காதுக்கே தெரிந்ததால், அதையும் கொஞ்சம் நெருப்பில் காட்டலாம் என்று சொல்லி அனுப்பினேன். “தவில் என்ன கருவாடா சுடுறதுக்கு?” என்று தவில்காரர் பதில் அனுப்பினார்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” என்று கங்காணி கையை ஆட்டினார். தவில்காரர் பலம் முழுவதையும் திரட்டி ஒரு அடி வைத்தார். ஆட்டுத் தோல் டர்ரென்று கிழிந்தது. நாகசுரக்காரருக்குச் சிரிப்பு வந்து மூச்சு நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. கெட்டிமேளமே கெட்ட சத்தம் காதில் விழாமல் மூடுவதற்குத்தான். அந்த நேரம் பார்த்து, பந்தலில் யாரோ தும்முவதற்காக மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. ஆ... ஆ...

கங்காணி சுற்றிப் பார்த்தார். அவர் கண் என் மேல் விழுந்தது. அந்த முகத்தில் அத்தனை பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கானுக்கு வெளியே அடித்தால் அது சாவு மேளம் ஆகிவிடும் என்று நினைத்திருப்பார்.

“டேய், உள்ள வந்து அடிடா!”

தாண்டினேன். ஒரே எட்டு. இத்தனை வருஷம் நெஞ்சில் எரிந்த கான் இரண்டடி அகலம்கூட இல்லை. ஆத்தாவை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தேன். வெறும் கல், மஞ்சள் பூசிய கல். என் கண் கலங்கியது, கை தானாக இறங்கியது. தினமும் அடிக்கிற கைக்கு எந்த அடி வரும்? டக்குடக்கு டண், டக்குடக்கு டண்.

மம்பட்டி எடு, மம்பட்டி எடு.

தாலி ஏறியது. தும்மல் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் பந்தலில் இருந்த சனம் முழுவதும் எழுந்துவிட்டது. சோற்றுக்குக் காத்திருந்தவர்கள் ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை பெயர்ப் புத்தகத்துக்காக அக்குளில் தடவினார். மணப்பெண்ணே பாதி எழுந்துவிட்டாள். மாப்பிள்ளை மட்டும் மணையில் அசையாமல் இருந்தார். அவர் தோட்டத்தில் பெரட்டுக்குக் கொம்புதான் ஊதுவார்கள். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மம்பட்டி எடுத்துத் தாலி கட்டிய வீடு என்று மலை முழுக்கப் பேச்சானது. கங்காணி ஒரு வாரம் வெளியே வரவில்லை. வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டார். “இனிமே பெரட்டு ஒனக்கில்ல. கான் வெட்டப் போ” என்றார். கூப்பிட்டது நீங்கள்தானே என்று கேட்டேன். “எப்படா கூப்பிட்டேன்?” என்றார். அந்தக் கேள்வி எனக்கு அடியைவிட அதிகமாக வலித்தது. தப்பு வேறொருவன் கைக்குப் போனது. நானும் என் சாபங்களை இழந்து, மம்பட்டி எடுத்து மலைக்கு ஏறினேன்.

திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அடைமழை பிடித்து, கோயிலுக்கு முன்னாலிருந்த கான் மண் விழுந்து மூடிப்போனது. புதிதாக வெட்டச் சொல்லித் துரை உத்தரவு. வேலை என்னிடம் வந்தது.

“எந்த எடத்துல வெட்டணும் சாமி?” என்று கங்காணியிடம் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆளுங்க நிக்கிற எடத்துக்கும் ஆத்தாவுக்கும் நடுவுல வெட்டு. இன்னொரு தடவ எவனும் தாண்டக் கூடாது, அம்புட்டுதான்” என்றார்.

நான் சொன்ன பேச்சு கேட்கிறவன். கங்காணியும் ஆள்தான். அவர் நிற்கிற இடத்துக்கும் ஆத்தாவுக்கும் நடுவில், கல்லுக்கு நாலடி தள்ளி, சரிவு பார்த்து, ஆழமாக வெட்டினேன். என் ஆயுளில் அப்படி ஒழுங்கான கான் வெட்டியதில்லை. துரை வந்து கைத்தடியால் குத்திப் பார்த்து, “நல்ல கான்” என்றார். துரை நல்லது என்று சொன்ன கானை மூட அந்தத் தோட்டத்தில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

திருவிழா அன்று புதிதாகத் தப்பு எடுத்தவன் அரை நாள் அடித்தும் பூசாரிக்கு ஒரு கொட்டாவிதான் வந்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். தப்பை நெருப்பில் காட்டிக்கொண்டு வந்து நின்றேன். கானுக்கு அந்தப் பக்கம் ஆத்தாவும் பூசாரியும் மட்டும். இந்தப் பக்கம் மற்ற எல்லோரும். கங்காணி பட்டு வேட்டியில் கான் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். நான் அவர் பக்கத்தில் போய், தப்பை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, என் வலது காலைத் தூக்கினேன்.

“நீ எங்கடா வர்ற?”

“நீங்க போற எடத்துக்குத்தான் சாமி. நீங்க தாண்டுனா இது வெறும் கான்தானே?”

சனம் முழுவதும் எங்கள் இரண்டு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே போகத்தான் ஆசைப்பட்டேன், அவரை வெளியே நிறுத்த அல்ல. அவர் மட்டும் தாண்டியிருந்தால், சத்தியமாக நானும் தாண்டியிருப்பேன். அவர் காலைக் கீழே வைத்தார், இந்தப் பக்கமே. நானும் வைத்தேன்.

“அடி” என்றார். டா போடவில்லை.

சாமி அடி எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று முதலில் டக்குடக்கு டண் என்றுதான் அடித்தேன். பழக்கம் யாரை விட்டது? கங்காணியின் கால்கள் இரண்டும் சேர்ந்தன, முதுகு நிமிர்ந்தது. என் தோளுக்கு நேராக, அதே வரிசையில் நின்றார்.