சிவப்புப் புள்ளி இல்லாத பட்டியல்

கிளிநொச்சியில், கண்ணிவெடி அகற்றும் எங்கள் அலுவலகத்துக்கு வவுனியாவிலிருந்து வந்தவர் அவர். சேர்வரைப் புதுப்பித்த பிறகு, ஒவ்வொருவருடைய மின்னஞ்சல் பெட்டிக்கும் புது வார்ப்புரு போடுவது அவர் வேலை. மெலிந்த உடம்பு, வெளுத்த அரைக்கைச் சேட்டு. விசையை அழுத்துமுன் கைலேஞ்சியால் விரல்களைத் துடைத்தபடி ஒரே கேள்வியைக் கேட்பார்.

“அக்கா, இதுக்குள்ள நீங்களாச் செய்து வைச்சது ஏதும் இருக்கோ? புதுசு போட்டா அது அழிஞ்சுபோம்.”

“ஒண்டும் இல்லைத் தம்பி. கெதியாப் போடுங்கோ, முள்ளியவளையில காணிக்காரர் காத்துக்கொண்டு நிக்கினம்.”

போட்டார். பெட்டிக்குள் இருந்த கடிதங்களின் பட்டியல் வெள்ளை வெளேரென்று வந்தது. எந்தக் காணிக்குள் இறங்கலாம் என்று களத்துக்குச் சொல்பவள் நான். முள்ளியவளைக் கடிதத்துக்கு அருகே ஒன்றும் இல்லை. வோக்கி-டோக்கியை எடுத்து, “இறங்கலாம்” என்றேன்.

அவருடைய கைலேஞ்சி அசையாமல் நின்றது.

“முந்தி இதில சிவப்புப் புள்ளி கிடந்ததெல்லோ?”

வெடி எடுத்து முடியாத காணிகளைச் சிவப்புப் புள்ளியால் காட்ட, பட்டியலின் ஓரத்தில் நானே சேர்த்த நிரல் அது. தினமும் பார்த்துப் பார்த்து, நான் செய்தது என்பதே மறந்துபோயிருந்தது.

“நில்லுங்கோ! கால் வைக்காதேங்கோ!” என்று வோக்கிக்குள் கத்தினேன்.

இரைச்சல்தான் வந்தது. ஒரு வயல் முழுவதும் அதற்குள் மூச்சடக்கிக் கிடந்தது. அவர் என் பக்கத்திலேயே நின்றார்.

“நிண்டிட்டம்” என்று குரல் வந்த பிறகுதான் அடுத்த மேசைக்குப் போனார். அதே கேள்வி.

“ஒண்டும் இல்லை, போடுங்கோ” என்றார்கள் அங்கேயும்.

அவர் அழுத்தவில்லை. விரல்களைத் துடைத்துக்கொண்டே நின்றார்.