ரிசர்வ் கிரேடிலிருந்து மேலே போனவன்

எங்கள் ஊரில் ரிசர்வ் என்றால் மதிப்பு. ரிசர்வேஷன் பெட்டியில் ஏறியவன் காலை நீட்டிப் படுப்பான். அன்ரிசர்வ்டில் ஏறியவன் கழிவறை வாசலில் ஒற்றைக் காலில் நிற்பான். அப்படியே பழகிய மண்டை இது. அதனால் சிட்னிக்கு வந்த புதிதில், நான் குடியிருந்த லிட்கம்மிலிருந்து ரயிலில் சில நிறுத்தம் தள்ளி ஒரு மைதானத்து வேலியில் 'ரிசர்வ் கிரேட் ரக்பி லீக், சனிக்கிழமை, அனுமதி இலவசம்' என்ற பலகையைப் பார்த்ததும் எனக்கு வாயெல்லாம் பல். உயர்ந்த வகுப்பு ஆட்டம், அதுவும் ஓசியில்! யாராவது விடுவார்களா?

அதற்கு முன் ரக்பி பக்கம் நான் தலை வைத்துப் படுத்ததில்லை. மெல்பர்னில் கிளென் வேவர்லியில் நானும் கணவரும் பல வருடம் இருந்தோம். அந்த ஊருக்கு வேறொரு கால்பந்துப் பைத்தியம். நல்ல பள்ளிக்கூட எல்லைக்குள் இருக்கிறது என்றுதான் அங்கே வீடு வாங்கினோம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப் பிள்ளைதான் பிறக்கவில்லை. அவர் தவறிப்போன பிறகு அந்த வீட்டில் ஒவ்வொரு அறையும் என்னை வெறித்துப் பார்த்தது. விற்றுவிட்டு, மென்பொருள் சோதனை செய்யும் வேலை ஒன்றை இங்கே பிடித்துக்கொண்டு வந்தேன். வந்த பிறகுதான் சொன்னார்கள், ஆபீசுக்கே வரவேண்டாம், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று. என் தலையெழுத்து! வெள்ளிக்கிழமை மாலை கம்ப்யூட்டரை மூடினால் திங்கட்கிழமை காலைவரை என் குரலை நானே கேட்கமாட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சீக்கிரமே போய், நல்ல இடம் கிடைக்காதோ என்ற பதற்றத்தோடு பார்வையாளர் மேடையில் ஏறினேன். மேடை முழுக்க நல்ல இடம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலர் போர்வையும் ஃபிளாஸ்க்குமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்து, "இதில் உங்கள் பையன் எவன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அங்கே எல்லோரும் யாராவது ஒருவனுக்கு அம்மா, அப்பா, காதலி. சும்மா ஆட்டம் பார்க்க ஒருத்தி வருவாள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. "யாரும் இல்லை" என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். எதற்கு மன்னிப்பு? எனக்குச் சுருக்கென்றது.

திங்கட்கிழமை வீடியோ மீட்டிங்கில் பெருமையாகச் சொன்னேன், ரக்பி லீக் பார்த்தேன், ரிசர்வ் கிரேட் என்று. ஒருவன் சிரித்துவிட்டான். ரிசர்வ் என்றால் மாற்று ஆள், மேலே யாருக்காவது அடிபட்டால் கூப்பிடக் காத்திருக்கிற கூட்டம், இரண்டாந்தரம் என்று விளக்கம் வேறு. நான் அசடு வழிந்தேன். ஆனால் அவன் சிரித்த சிரிப்புக்காகவே, வீம்பாக, அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

பின்னால் நான் அக்கா என்று கூப்பிடப்போகிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். மைதானத்தில் ஒருவனை மூன்று பேர் சேர்ந்து சாய்க்க, நான் என்னையறியாமல் "அடப்பாவிங்களா, இடுப்பை உடைச்சுட்டானுங்களே!" என்று கத்திவிட்டேன். முன்வரிசையில் தலையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்த அம்மாள் திரும்பாமலே கேட்டார்.

"நீங்க தமிழா? எழும்பிட்டானா, பாத்துச் சொல்லுங்க."

"யாரு?"

"விழுந்தவன். என்ட மகன்."

"எழுந்துட்டான். ஓடுறான்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். இலங்கையிலிருந்து வந்து பல காலமாகிறது, கணவர் இல்லை, இந்த ஒரே மகன். மகன் விளையாடும் ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார். ஆனால் அவன் கையில் பந்து வந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். அன்றிலிருந்து அவருக்குக் கண் நான். அவர் எனக்கென்று மீன் இல்லாமல் உருளைக்கிழங்கு ரோல்ஸ் செய்து கொண்டுவருவார். நான் ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ. அதை அவர் தேத்தண்ணி என்பார். அவர் என்னைத் தங்கச்சி என்றார். இந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான்.

இந்த ஆட்டத்தின் அடுக்குகளை எனக்குப் புரியவைத்தவரும் அவர்தான். முன்பெல்லாம் ஒரே கிளப்பின் மூன்றாம் குழு, இரண்டாம் குழு, முதல் குழு என்று ஒரே நாளில் ஒரே மைதானத்தில் அடுத்தடுத்து ஆடுவார்களாம். காலையில் காலியாக இருக்கும் மேடை சாயங்காலம் நிரம்பி வழியுமாம். பிறகு டிவி வந்தது, பணம் வந்தது, மேல் அடுக்கு தனியாகப் பெரிய ஸ்டேடியத்துக்குப் போய்விட்டது. பணமில்லாத சில பழைய கிளப்புகளை மேலேயிருந்து இறக்கிவிட்டார்கள். அவை இன்றைக்கு இரண்டாம் அடுக்கில், ஏதாவது பெரிய கிளப்புக்கு ஆள் வளர்த்துக் கொடுக்கும் வேலையைச் செய்கின்றன. எங்கள் மைதானத்துக் கிளப்பும் அப்படித்தான். அதற்கும் கீழே இன்னும் சில அடுக்குகள். அங்கே ஆடுகிறவர்களுக்குப் பெட்ரோல் காசு வந்தால் பெரிது.

"சரி, இவங்க கோப்பையை ஜெயிச்சுட்டா அடுத்த வருஷம் மேல் அடுக்குல ஆடுவாங்கல்ல? பாஸ் ஆனா அடுத்த வகுப்புதானே?" என்றேன்.

"இல்ல தங்கச்சி. இங்க கிளப் ஏறாது. ஆள்தான் ஏறலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கிலாந்தில் கீழ்ப்பிரிவில் முதலாவதாக வந்தவனை மேலே ஏற்றும் வழக்கமாவது இருந்தது. இங்கே நூறு ஆட்டம் ஜெயித்தாலும் இருந்த இடத்திலேயே இரு என்றால் என்ன நியாயம்? அந்தக் கோபத்தில், மனசாரத்தான் சொன்னேன்:

"கிளப் கெடக்குது அக்கா. உங்க பையன் சீக்கிரமா மேலே போயிடணும்."

அக்காவின் கையிலிருந்த ரோல்ஸ் கீழே விழுந்தது. "யா அல்லாஹ்! வாயக் கழுவுங்க! என்ன கதை கதைக்கிறீங்க!"

ஒரு நொடி எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தோம். என் கணவர் மேலே போனபின் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு 'மேலே' என்ற வார்த்தையை எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டோம்.

அக்காவின் மகனுக்கு அந்த வருடம்தான் கடைசி வாய்ப்பு. பகலில் எலக்ட்ரீஷியன் வேலை, மாலையில் பயிற்சி என்று பல வருடம் ரிசர்விலேயே ஓடிவிட்டான். சின்னப் பையன்கள் இவனைத் தாண்டிப் போனார்கள். அந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கமாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். ஒரே ஒரு முதல்தர ஆட்டம், அது போதும் என்பார். ஐந்து வேளையும் கேட்கிறேன் என்பார். நானும் என் பிள்ளையாரிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இன்னொரு கணக்கும் போட்டேன். அவன் போய்விட்டால் அக்கா இங்கே எதற்கு வரப்போகிறார்?

சீசன் முடியப்போகும் ஒரு சனிக்கிழமை காலை, டீ போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"தங்கச்சி, மகன எடுத்துட்டாங்க! ஓரத்தில ஓடுற பொடியனுக்குக் கால்ல காயமாம். இண்டைக்குப் பின்னேரம், பெரிய ஸ்டேடியத்தில!" அழுகையும் சிரிப்புமாக மூச்சு வாங்கினார். "உங்களையும் கூட்டிட்டுப் போக ஆசைதான். குடும்பத்துக்கு மட்டும்தான் டிக்கெட் தந்தவங்க."

"அதனால என்ன அக்கா? நான் வீட்ல பார்ப்பேன். நல்லபடியா போயிட்டு வாங்க."

"போட்டு வாறன், தங்கச்சி."

குடும்பத்துக்கு மட்டும். சரிதானே? நான் யார்? ஆனாலும் ஃபிளாஸ்க் மூடியை ஆத்திரத்தோடு திருகினேன்.

சாயங்காலம் லேப்டாப்பில் ஆட்டத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். திரையில் அவன் முகம் பெரிதாக வந்தபோது என்னையும் மீறிக் கைதட்டினேன். வீட்டில் அந்தச் சத்தம் வினோதமாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. காதில் வைத்தால் ஸ்டேடியமே இரைகிறது.

"தங்கச்சி! விழுந்துட்டான், நான் கண்ண மூடிட்டன். எழும்பிட்டானா?"

திரையைப் பார்த்தேன். அவன் ஓரமாக நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். பந்து இன்னும் அவனிடம் வரவே இல்லை. இணையத்தில் வரும் ஆட்டம் மைதானத்துக்குப் பின்தங்கித்தான் வருமென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே விழுந்தவன் என் வீட்டில் இன்னும் விழவில்லை.

"தங்கச்சி, சொல்லுங்களன்! எழும்பிட்டானா?"

"எழுந்துட்டான் அக்கா," என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்." போனை வைத்துவிட்டார்.

அதன் பிறகு பந்து வந்தது. எம்பிப் பிடித்தான். இரண்டு பேர் பாய்ந்து அவனைக் கோட்டுக்கு வெளியே வீசினார்கள். முகம் மண்ணில் பட விழுந்தவன் அசையவில்லை. முதலுதவி செய்கிறவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நான் லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "எழுந்திருடா! நான் சொல்லிட்டேன்டா, எழுந்திருடா!" என்று கத்தினேன். மெதுவாக ஒரு முழங்காலை ஊன்றினான். எழுந்தான். நான் ஓவென்று அழுதேன்.

அவன் நன்றாக ஆடினான். மிச்ச ஆட்டங்களுக்கும் அவனையே வைத்துக்கொண்டார்கள், அடுத்த வருடத்துக்கும் ஒப்பந்தம் போட்டார்கள். அக்கா போனில் எல்லாம் சொல்வார். குடும்பங்கள் உட்காரும் பகுதியில் அவருக்கு இப்போது நிரந்தர இருக்கை. பக்கத்தில் இன்னொரு ஆட்டக்காரனின் அம்மா, தங்கமான மனுஷியாம். மகன் விழுந்து எழுந்ததும் அக்காவின் தோளைத் தட்டிவிடுவாராம். "ஒரு நாளைக்கு வாறன், தங்கச்சி" என்பார். பொய் சொல்லமாட்டார், ஆனால் அங்கே ஆட்டமும் இங்கே ஆட்டமும் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன. போன் வருவதும் இப்போது குறைந்துவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

புது சீசன் தொடங்கிய சனிக்கிழமை நான் மட்டும் போனேன். அதே மேடை, அதே பலகை. அவனுடைய எண் போட்ட சட்டையை வேறு ஒருவன் போட்டிருந்தான். பழக்கதோஷத்தில் இரண்டு கப் எடுத்து வந்திருந்தேன்.

புதிதாக வந்த ஒரு அம்மா பக்கத்தில் போர்வையை விரித்து உட்கார்ந்து, அதே கேள்வியைக் கேட்டாள்.

"இதில் உங்கள் பையன் எவன்?"

"என்னுடையவன் மேலே போய்விட்டான்," என்றேன். ஆங்கிலத்தில் சொன்னதால் அது நல்ல சேதியாகவே அவள் காதில் விழுந்தது. அவள் முகமெல்லாம் மலர்ந்து, என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி வாழ்த்துச் சொன்னாள். நானும் நன்றி சொன்னேன்.