செங்கோடனின் இடது கை

முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளையில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தால் ஒரு வாசம் வரும்... பெரிய விளக்குச் சூட்டில் அது முகத்திலேயே காய்ந்தால் வேறு வாசம். அந்த இரண்டாவது வாசம் மூக்கில் பட்டால் எனக்கு இன்றைக்கும் அந்த ஒரு நாள்தான் ஞாபகம் வரும்.

சேலத்து ஸ்டுடியோ. உலகச் சண்டை நடந்த காலம். பிலிம் சுருளை அடிக்கணக்கில் அளந்துதான் கொடுப்பார்கள். நம்ம செங்கோடனுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ராஜா வேஷம் போட்டுப் பார்த்தார்கள்.

அவனை உங்களுக்கெல்லாம் போஸ்டரில் தெரியும். எனக்கு அவனை எட்டு வயசுப் பையனாக இருந்ததிலிருந்தே தெரியும். வெண்ணந்தூர்த் தறிக்காரர் மகன். நாங்கள் இருந்த நாடகக் கம்பெனியில் அவன்தான் ராணி, நான் பபூன். ராணி படியேறும்போது இடது கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்க வேண்டும். மறந்தால் வாத்தியார் கணுக்காலில் பிரம்பால் ஒன்று வைப்பார். ஆறு வருஷம் அப்படி. நானோ அவனை "அம்மணி, அம்மணி" என்று கூப்பிட்டே உயிரை வாங்கினேன்.

பதினாலு வயசில் குரல் உடைந்தது. ராணி வேஷம் இன்னொருத்தனுக்குப் போனது. அப்புறம் எட்டு வருஷம்... திரை இழுத்தான், சினிமாவில் கும்பலோடு நின்று ஈட்டி பிடித்தான். அப்படிக் கிடந்தவனுக்கு இந்த ஒரு நாள்.

காட்சி சின்னதுதான். ராஜா ஐந்து படி ஏறித் திரும்பி ஒரு வசனம் பேச வேண்டும். பின்னால் நிற்கும் காவல்காரன் நான்.

முதல் டேக். படியில் கால் வைத்தான்... இடது கை தானாகக் கீழே போய், இல்லாத கொசுவத்தை அள்ளித் தூக்கியது.

"அம்மணி" என்று என் வாய் சொல்லிவிட்டது. ஸ்டுடியோ முழுக்கச் சிரிப்பு. டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாவது டேக். நான் வாயை அடக்கிக்கொண்டேன். அவன் கை அடங்கவில்லை. மறுபடி அதே அள்ளல். இந்தத் தடவை ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஓரத்துப் பெஞ்சில் இன்னொரு நடிகர் அதே ராஜா உடுப்பில், பவுடர் கலையாமல் உட்கார்ந்திருந்தார். டைரக்டர் அவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னும் ஒரு தடவைதான் தம்பி. அப்புறம் அவரைக் கூப்பிட வேண்டியதுதான்."

விளக்கை நகர்த்த ஐந்து நிமிஷம் ஆனது. செங்கோடன் என் பக்கம் வந்து நின்றான். கிரீடத்துக்குக் கீழே வேர்வை கோடு போட்டிருந்தது.

"நீங்களே சிரிக்க வெச்சுட்டீங்களேண்ணா."

"தப்புதான் சாமி."

"கை நான் சொல்றதைக் கேக்க மாட்டேங்குது. கவுத்துல கட்டிப்போட்டறலாமுங்களா?"

"கட்டிப்போட்ட ராஜாவை ஆரு பாக்க வருவா?"

அவன் சிரிக்கவில்லை. இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டான்.

காவல்காரன் கால்சட்டை எனக்குத் தொளதொள. இடுப்பில் ஒரு ஊக்கு குத்தியிருந்தேன். அதைக் கழற்றி, மூடி, அவன் இடது உள்ளங்கையில் வைத்தேன்.

"அதுக்கு எதையாச்சும் புடிக்கோணும், அவ்வளவுதானே? இதைப் புடிச்சுக்கட்டும். வசனம் முடியற வரைக்கும் உட்டறாதே."

மூன்றாவது டேக். எனக்கு ஒரு கையில் ஈட்டி, இன்னொரு கையில் கால்சட்டை. ஒரு படி... இரண்டு... மூன்றாவது படியில் அவன் முழங்கை அசைந்தது. விரல்கள் இறுகுவது தெரிந்தது. கை கீழே போகவில்லை. மேலே ஏறித் திரும்பினான். மூடிய கையை நெஞ்சுக்கு நேராக வைத்து வசனத்தைச் சொன்னான்.

"கட்."

டைரக்டர் நேராகப் பெஞ்சுக்குப் போய், அந்த நடிகர் தோளில் கை வைத்தார். "நீங்க வேஷத்தைக் கலைச்சுக்கலாம்" என்றார்.

செங்கோடன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

இன்றைக்குப் படத்தில் அவனைப் பார்த்து அயோத்தியாப்பட்டணத்துப் பையன்கள்கூட இடது கையை இறுக்கி மூடிக்கொண்டுதான் நடக்கிறார்கள். அது வீரமாம். அதற்குள்ளே என்ன இருந்தது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

போன மாசம் கடைவீதியில் அவன் கார் நின்றது. சுற்றி ஒரே கூட்டம். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தவன், இடது கையை விரித்துக் காட்டினான். அதே ஊக்கு... துருவேறியிருந்தது.

"ஏனுங்கண்ணா, பழைய பேரு சொல்லிக் கூப்பிட மாட்டீங்களா?"

அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். "அம்மணி" நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"சௌக்கியமுங்களா?" என்றேன்.

அவன் கையை மெதுவாக மூடிக்கொண்டான். கார் நகர்ந்தது.

அன்றைக்கு, சொல்லவே கூடாத இடத்தில் சொன்ன வாய்தான் இது... இன்றைக்கு அவனே கேட்டும் வரவில்லை.