பிரசங்கத்தைச் சுருக்கெழுத்தில் எடுத்தவர்

எழுபதுகளில் இரும்புலியூரிலிருந்து எங்கள் கோயிலுக்கு வந்த அந்தப் பெண்மணி கோர்ட்டில் ஸ்டெனோ. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் மடியில் நோட்டை வைத்துச் சுருக்கெழுத்தில் எழுத ஆரம்பித்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்டேன்.

"ஏம்மா, இது தேவனோட வீடா, ஷார்ட்ஹேண்ட் இன்ஸ்டிடியூட்டா?"

"ஷார்ட்ஹேண்ட் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணலேன்னா இந்த வருஷத்தோட வேலை போயிடும் அண்ணா. இன்ஸ்டிடியூட்ல டிக்டேஷனை மெதுவா வாசிக்கிறாங்க. நம்ம பாஸ்டர்தான் வக்கீல் மாதிரி மூச்சு விடாம பேசறாரு."

"அதுக்காக ஆராதனையிலயா?"

"சரி, இன்னிக்கு அவர் என்ன சொன்னாரு? நீங்க சொல்லுங்க பாப்போம்."

"ஏதோ அன்பைப் பத்தி..." என்று இழுத்தேன். அந்தப் பெண்மணி நோட்டைப் பிரித்து, முதல் வசனத்திலிருந்து தடங்கலில்லாமல் வாசித்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள்.

"எனக்காக ஜெபம் பண்ணுங்க அண்ணா. நோட்டை மட்டும் மூடச் சொல்லாதீங்க, மூட மாட்டேன்."

பரீட்சையன்று காலையில் முழங்காலில் நின்று அவருக்காக ஜெபித்தேன். ஆண்டவர் சன்னிதியில் அந்தப் பெண்மணி செய்தது சரியா தப்பா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.