திண்டிவனம் ஸ்டேஷன் கடியாரம் பார்த்துக் கட்டிய தாலி

யுத்தம் வந்ததும் சர்க்கார் கடியாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தது. அன்றிலிருந்து திண்டிவனத்தில் ஸ்டேஷனுக்குள் புது மணி, வெளியே வந்தால் பழைய மணி. ஜெர்மனிக்காரனுக்குப் பயந்து எங்கள் மாடு ஒரு மணி முன்னதாகப் பால் கொடுக்குமா என்ன?

அந்தக் கடியாரம் பிளாட்பாரத்தில் இரும்புக் கை ஒன்றில் குறுக்காகத் தொங்கும். இரண்டு பக்கமும் முகம், நடுவில் ஒரே யந்திரம். அதிலிருந்த ரோமன் எண்களைப் படிக்கத் தெரியாத எங்கள் ஊர்க்காரர்கள் முள் நிற்கும் சாய்வைப் பார்த்தே ரயில் பிடித்தார்கள்.

எனக்குப் பார்த்த மாப்பிள்ளை விழுப்புரம் ஸ்டேஷனில் தந்தி குமாஸ்தா. பஞ்சாங்கப்படி முகூர்த்தம் பழைய மணி எட்டோடு முடிகிறது. ரயில்வேக்காரர்கள் முன் பட்டிக்காட்டான் மாதிரி பேசக்கூடாதென்று அப்பா, "ஒம்பதுக்குள்ள தாலி ஏறணுங்க" என்று புது மணியில் சொல்லிவிட்டு வந்தார். மாப்பிள்ளையின் அப்பாவோ பெருந்தன்மைக்காரர். விவசாயி ஒன்பது என்றால் பழைய மணிதான், ஸ்டேஷன் கணக்கில் பத்து என்று தாமே கூட்டிக்கொண்டார். இரண்டு பேரின் மரியாதையும் என் தலையில் வந்து விடிந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே வேர்க்கடலை விற்கும் மல்லாட்டை மண்டியில் பந்தல். ஐயர் வந்தாயிற்று, மாப்பிள்ளையைக் காணோம். முகூர்த்தம் தவறினால் பெண்ணை ராசியில்லாதவள் என்று ஒதுக்கிவிடுகிற ஊர். எனக்கு அப்பா மேல் வந்த கோபத்தில் அழக்கூட முடியவில்லை.

ஸ்டேஷன் கடியாரத்தில் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் விழுப்புரம் ரயில் வந்தது. சம்பந்தி வீட்டார் சாவகாசமாகச் சீர்த்தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா சம்பந்தி, இம்மாம் நிதானமா எறங்கிக்கினு இருக்கீங்க? ஜல்தி வாங்க" என்று கத்தியபடி அப்பா என்னைப் பிளாட்பாரத்துக்கே இழுத்துக்கொண்டு ஓடினார். ஐயர் மூச்சு வாங்கக் கடியாரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மந்திரமெல்லாம் அப்புறம் சொல்லிக்கலாம். இங்கேயே கட்டச் சொல்லுங்கோ."

மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே, இன்ஜின் புகையில் நின்றோம். மேளக்காரர் மண்டியிலேயே தங்கிவிட்ட குறைக்கு ரயில் கார்டு விசில் ஊதினார். பெரிய முள் பன்னிரண்டைத் தொடுவதற்குள் மூன்று முடிச்சும் விழுந்தது. அப்பா கடியாரத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

தாலி கட்டிய கையை எடுக்காமலே மாப்பிள்ளை என் காதருகே முதல் வார்த்தை பேசினார்.

"காலைல இந்தக் கடியாரம் எப்பவும் ஸ்லோதான். சாயங்காலம் மெட்ராஸ்லேர்ந்து டைம் தந்தி வந்தாத்தான் சரி பண்ணுவாங்க. என் வாட்ச்ல ஒம்பது தாண்டிப்போச்சு. யார்கிட்டயும் சொல்லாத."

நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன்.

"பொண்ணுக்கு இன்னா வெக்கம் பாரு" என்றாள் அத்தை.