எண்ணெய் போட்ட தரையில் மியூ

பள்ளத்தூர் பின்னால் போய்விட்டது. தோளில் பை, நேராக மண்டையில் வெயில். ஹோட்டலுக்கு எதிரேயே பஸ் நிறுத்தம் இருந்தது. ஆனால் அங்கே நின்று மேனேஜர் கண்ணில் படுவதைவிட அடுத்த நிறுத்தம்வரை நடப்பது மேல் என்று கிளம்பியிருந்தேன்.

அன்று காலையில்கூட எனக்கு அங்கே வேலை இருந்தது. பழைய பெரிய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். தரை துடைப்பேன், வருகிறவர்களின் பெட்டி தூக்குவேன், சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் படுத்துக்கொள்வேன். இரண்டு வேளைச் சோறு. பத்தாவதைத் தாண்டாமல் ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு அது நல்ல இடம். வெளிநாட்டு ஆட்களை அழைத்து வரும் கம்பெனி ஒன்று, தரைக்குச் சோதனைச் சான்றிதழ் கிடைத்தால் சீசன் முழுக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தது. ஆள் வந்தால் நானும் சீசன் முழுக்க இருக்கலாம். வராவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். மேனேஜர் இதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

"தரையைச் சோதிக்க என்ஜினியர் வாராக. நல்லாத் தொடைச்சு வைங்க" என்று முந்தின நாள் உத்தரவு வந்தது. ஆத்தங்குடிச் சிமெண்டுக் கல் பதித்த தரையை யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார்கள். பெண் பார்க்க வந்தாலும், வீடு பார்க்க வந்தாலும் அதுதான் வழக்கம். நானும் கூட்டிப் பெருக்கும் அக்காவும் முகப்பிலிருந்து கடைசிக் கட்டுவரை முட்டி போட்டுத் தேய்த்தோம்.

"தம்பி, இன்னுங் கொஞ்சம் ஊத்து. சோதிக்க வாராகன்னா நம்ம மானம் போயிரக் கூடாதுல்ல" என்றார் அக்கா.

என்ஜினியர் ஓர் இளம்பெண், சென்னைக்காரர். முகப்பில் வைத்த முதல் அடியிலேயே தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மேனேஜருக்கு அது பாராட்டாகவே தெரிந்தது.

"பாத்தீகளா மேடம்! கீழ குனிஞ்சு தலை சீவலாம்."

"சார், நான் வழுக்குதான்னு பார்க்க வந்திருக்கேன்."

மேனேஜர் சிரித்துக்கொண்டே நின்றார். அந்தச் சிரிப்பை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடியில் ரப்பர் ஒட்டிய ஓர் இரும்புக் கட்டை, அதை இழுக்க ஒரு கருவி, கருவியில் சின்னத் திரை. கட்டை நகரத் தொடங்கும் நேரத்து இழுவிசையைக் கட்டையின் எடையால் வகுப்பதுதான் சோதனை. எங்கள் தரையில் என்ஜினியர் தொட்ட உடனேயே கட்டை கிளம்பிவிட்டது. திரையில் ஆங்கில யு-வுக்கு முன்பக்கம் வால் முளைத்தது போல μ என்று ஓர் எழுத்தும், பக்கத்தில் 0.1 என்றும் வந்தது.

"இது எத்தனைக்கு மேடம்? பத்துக்கா, நூத்துக்கா?"

"எதுக்கும் இல்ல சார். விசையை விசையால வகுத்தா அலகு இல்லாத வெறும் எண்தான் மிஞ்சும். இது மியூன்னு ஒரு கிரேக்க எழுத்து. உராய்வு எவ்வளவுன்னு சொல்லும். குறைஞ்சா கால் நிக்காது. அரையாவது இருந்தாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்."

அந்த எழுத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். மதுரையில் ஃபேன் ரிப்பேர் கடையில் கொஞ்ச காலம் எடுபிடியாக இருந்தபோது, கண்டென்சர் மேல் அச்சடித்திருக்கும். அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன்.

"அதே எழுத்துதான். அங்க அதுக்கு மைக்ரோன்னு பேரு, பத்து லட்சத்துல ஒரு பங்கு. புள்ளியியல்ல போனா சராசரி. காந்தப் பாடத்துல வேற அர்த்தம். எந்த இடத்துல நிக்குதோ அந்த இடத்து வேலை."

போகிற ஊரில் கிடைக்கிற வேலையைப் பார்க்கும் எழுத்து. எல்லா ஊரிலும் அதற்கு மரியாதை இருந்தது, எனக்கு அது இல்லை.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ரிப்போர்ட்டுல அந்த எழுத்தை மட்டும் எடுத்துட்டு எழுதிர முடியாதா? கிரேக்கமெல்லாம் இங்குட்டு யாருக்கும் படிக்கத் தெரியாது."

"எழுத்தை எடுத்துட்டாலும் விழுவாங்க சார்."

சோப்புத்தூள் போட்டு அலசினோம். சிமெண்டுக் கல் குடித்த எண்ணெயை அவ்வளவு சுலபமாகத் திருப்பித் தருவதில்லை. எண் கொஞ்சம் ஏறியது, போதுமான அளவு ஏறவில்லை. சீசன் முடிந்ததும் மறுபடி வருவதாகச் சொன்ன அந்தப் பெண், காரில் ஏறும்போது, "எண்ணெய் போடாம விட்டிருந்தா ஒருவேளை தேறியிருக்கும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

கார் போனதும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"உன்னைய எவன்யா இம்புட்டு நல்லாத் தொடைக்கச் சொன்னது?"

"நீங்கதான் சொன்னீக."

"சொன்னா? ஒரு மூலையையாச்சும் விட்டு வைக்கத் தெரியாதா?"

அக்கா துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு அந்த ஊரில் வீடு இருக்கிறது. எனக்கு அந்த அறைதான் இருந்தது. மேனேஜர் கெட்டவர் இல்லை, மதியச் சோறு போட்டுத்தான் அனுப்பினார்.

இதற்கு முன் வேலை போன இடங்களில் எல்லாம் நியாயமான காரணம் இருந்தது. சொல்லாமல் ஊருக்குப் போயிருப்பேன், அல்லது எதையாவது உடைத்திருப்பேன். ஒழுங்காகச் செய்ததற்காக வேலை போனது இதுவே முதல் தடவை. நடக்க நடக்க அந்தப் பெண் சொன்ன பாடம் நன்றாகப் புரிந்தது. கால் சாலையைப் பின்னால் தள்ளுகிறது, சாலை நம்மை முன்னால் விடுகிறது. மியூ பூஜ்யமாக இருந்தால் வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்திருக்க முடியாது. வேலை போனவன் வெளியே போவதற்கும் அது வேண்டியிருக்கிறது.

அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஏறி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அந்தத் தரையை யாரும் பெரிதாகத் துடைப்பதில்லை. நன்றாகவே தூக்கம் வந்தது.

விடிந்ததும் லாரி டயர் பட்டறை ஒன்றில் போய் நின்றேன். முதலாளி தலை முதல் கால்வரை பார்த்தார்.

"முன்னாடி என்ன வேலை பாத்தீக?"

"தரை தொடைச்சேன்."

"இங்க பூராவும் ரப்பர் தூசி. மூக்கைக் கட்டிக்கிட்டு நிப்பீகளா?"

"படுக்க இடம் இருக்கா?"

மேலே பரணைக் காட்டினார். "டயருக்கு நடுவுல சுருண்டுக்கிடுங்க."

தேய்ந்துபோன டயரை மெஷினில் மாட்டிச் சுழலவிட்டு, புது ரப்பர் ஒட்டுவதற்காக அதன் மேல்தோலைச் சொரசொரப்பாகும்வரை சுரண்டுகிற வேலை. சரி என்று சொல்லிவிட்டு, பையைப் பரணில் எறிந்தேன்.