ஜஹானா சொக்லட் தொழிற்சாலைக்குப் போன நாள்

இலங்கையின் கெலிஓயாவில் மிளகும் கராம்பும் கொக்கோவும் வாங்கி விற்றுவந்த பளீல் ஹாஜியார் இறந்த அன்று, அவருடைய மகள் ஜஹானா பெல்ஜியத்தில் வகுப்புத் தோழர்களோடு ஒரு சொக்லட் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கப்பட்டது. அதற்கு முன் அவள் வீட்டுக்கு ஒரு அழைப்பு எடுத்திருந்தால், வாப்பாவின் முகத்தைத் திரையிலாவது பார்த்திருப்பாள். எடுக்காமல் போனதற்கான காரணத்தை அந்த வீட்டில் எல்லோரும் அறிவார்கள். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

ஜஹானா வீட்டின் கடைக்குட்டி. அவளுடைய அண்ணன் நஸீப் நானா உயர்தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டு வாப்பாவின் கடையில் உட்கார்ந்துகொண்டான். அவளோ கண்டிக்குப் பஸ்ஸில் போய்வந்து படித்து, பேராதனையில் உணவு விஞ்ஞானத்தில் பட்டமும் பெற்றாள். மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோது, கலியாணம் ஆகாத பெண்ணைத் தனியே அனுப்புவதா என்று உறவினர் முகம் சுளித்தார்கள். பளீல் ஹாஜியார் யாரோடும் வாதாடவில்லை. மகளிடம் மட்டும் சொன்னார்:

"இத்தன வருஷமா நான் கொக்கோ வாங்கி மூட்ட கட்டி அனுப்பிய. அதுக்குப் பொறகு அது என்ன ஆகிய எண்டு எனக்குத் தெரியா. நீங்க பெய்த்துப் பாத்து வந்து சொல்லுங்க மகள்."

ஆகவே தொழிற்சாலைப் பயணம் முடிவானதும் அவள் முதலில் அறிவித்தது அவருக்குத்தான். முதல் நாள் பின்னேரம் அழைத்திருந்தாள்.

"நாளைக்கு சொக்லட் பெக்டரி வாப்பா. வகுப்போட போறம்."

"அப்ப எனக்கொரு துண்டு?"

"ஒங்களுக்குச் சீனி வருத்தம். கசப்பு சொக்லட்தான் கொண்டு வருவன்."

"கசப்பத் திங்கியத்துக்கு என்னத்துக்கு பெல்ஜியம்? ஸ்டோர்ல ஈக்கிற கொட்டையக் கடிக்கேலுமே!"

பின்னால் இருந்து உம்மா மஸீனாவின் குரல் கேட்டது. "எதக் கொண்டுவந்தாலும் எனக்கிட்டக் குடுங்க. இவரு ஒளிச்சித் திங்கிய ஆள்."

மறுநாள் காலை பளீல் ஹாஜியார் கடையைத் திறந்து கதிரையில் அமர்ந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். முச்சக்கர வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் வழியிலேயே பிரிந்துவிட்டது. உடல் வீட்டுக்கு வந்ததும், பெரியவர்கள் அஸருக்கு அடக்குவதென்று தீர்மானித்தார்கள். மஸீனா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"புள்ள மொகத்தப் பாக்காமத் தூக்க வாணாம்."

ஜஹானாவுக்கு அறிவிக்கும் பொறுப்பு நஸீபுக்கு வந்தது. தூரத்தில் இருப்பவருக்கு மரணச் செய்தியை எடுத்த எடுப்பில் சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. முதலில் ஏலாமல் இருக்கிறது, உடம்புக்கு முடியவில்லை என்பார்கள்; பிறகு ஆஸ்பத்திரியில் என்பார்கள்; பிறகு கொஞ்சம் சீரியஸ் என்பார்கள். கேட்பவரின் பக்கத்தில் தாங்கிப் பிடிக்க ஆள் இருப்பதாகத் தெரிந்த பிறகே உண்மை வாயைவிட்டு வரும். ஜஹானாவும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான்.

நஸீப் அழைத்தபோது அவள் பஸ்ஸில் இருந்தாள். மாணவர்களின் பாட்டுச் சத்தத்தில் தொலைபேசி ஒலித்தது காதில் விழவில்லை. அந்நிய ஊரில் பத்துப் பேர் முன்னால் தங்கை நிலைகுலைந்து விழுவதை நஸீப் மனக்கண்ணில் கண்டான். அதனால் வழக்கத்தின் முதற்படியையே எழுதி அனுப்பினான்.

"வாப்பாக்கு கொஞ்சம் ஏலாம. நேரம் கெடச்சா ஒரு கோல் எடுங்க."

தொழிற்சாலையின் உடை மாற்றும் அறையில் அவள் அதைப் படித்தாள். வாப்பாவுக்கு ஏலாமல் இருப்பது வாரத்துக்கொரு முறை வரும் செய்தி. சீனி ஏறினால் அப்படித்தான் எழுதுவார்கள். கானா நாட்டுத் தோழி ஒருத்தி, வெள்ளைக் காகிதத் தொப்பியும் நீளச் சட்டையும் அணிந்து நின்ற அவளைப் படம் பிடித்துக் கொடுத்தாள். ஜஹானா அந்தப் படத்தை அனுப்பி, கீழே அவசரமாக எழுதினாள்.

"நேத்து ஒளிச்சி வட்டிலாப்பம் திண்டீப்பாரு. மருந்தக் குடுங்க. பெக்டரி முடிஞ்சி எடுக்கியன். இந்தப் படத்த வாப்பாக்குக் காட்டுங்க."

பிறகு தொழிற்சாலை விதிப்படி மோதிரங்கள், கைக்கடிகாரங்கள், தொலைபேசிகள் எல்லாம் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டன.

உள்ளே முதல் அறையில் கொக்கோ மூட்டைகள் அடுக்கியிருந்தன. திறந்திருந்த மூட்டை ஒன்றில் கையை விட்டு முகர்ந்தாள். புளிப்பும் சாக்கு நெடியும் கலந்த அதே மணம். கெலிஓயாக் கடையின் பின்னறைக்குள் வந்துவிட்டது போலிருந்தது. அதன்பின் அவள் பார்த்ததெல்லாம் வாப்பாவுக்குச் சொல்வதற்காகப் பார்த்ததுதான். வறுக்கும் உருளையின் முன்னால் நின்று கேள்வி கேட்டாள். தோல் நீக்கும் இயந்திரத்தை மறுபடியும் இயக்கிக் காட்டச் சொன்னாள். கூழாகிய கொக்கோ பெரிய தொட்டியில் மணிக்கணக்காகப் புரண்டுகொண்டிருப்பதைப் பார்த்து, இதைச் சொன்னால் நம்பமாட்டார் என்று எண்ணிக்கொண்டாள். தோழர்கள் அடுத்த அறைக்குப் போன பிறகும் அவள் பின்தங்கினாள். வழிகாட்டிய பெண் சலிக்காமல் அவளுக்காகக் காத்திருந்தாள். வகுப்பே காத்திருந்தது. தொலைபேசிப் பெட்டி திறக்கப்படும் நேரமும் அதனால் தள்ளிப்போயிற்று.

கெலிஓயாவில் குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். நஸீப் முற்றத்தில் நின்று விடாமல் அழைத்துக்கொண்டிருந்தான். மஸீனாவின் சகோதரர் வந்து அவன் தோளைத் தொட்டார்.

"மருமகன், பள்ளிவாசல்ல ஆக்கள் காத்துக்கிட்டு ஈக்காங்க. மையித்தப் பிந்த வெக்கேலா."

"இன்னம் கொஞ்சம் மாமா. இப்ப எடுப்பா."

"இதத்தானே பகல் லுஹர்லீந்து சொல்லிய."

மஸீனா உள்ளேயிருந்து கேட்டாள். "புள்ள என்ன சொல்லிய?"

நஸீப் உள்ளே போனான். தொலைபேசியை அவள் கையில் கொடுத்தான். காகிதத் தொப்பிக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்த மகளை அவள் நெடுநேரம் பார்த்தாள். கீழே இருந்ததையும் வாசித்தாள். பின்பு கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூடிய கண்களுக்கு நேரே அந்தப் படத்தைப் பிடித்தாள்.

"இந்தாங்க. ஒங்களுக்குக் காட்டச் சொல்லீக்கிறா."

இறந்தவருக்குப் படம் காட்டுவதா என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. அவளாகவே கையை இறக்கிய பிறகுதான் முகம் மூடப்பட்டது.

தொலைபேசிப் பெட்டி திறந்ததும் ஜஹானா திரையைக் கண்டாள். தவறிய அழைப்புகளாக நானாவின் பெயர் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தது. புதிய செய்தி எதுவும் இல்லை. வாப்பா போய்விட்டார் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அழைத்தபோது பின்னணியில் ஆண்கள் துஆ ஓதும் குரல் கேட்டது.

"நானா, வாப்பாவக் காட்டுங்க."

"தங்கச்சி…"

"மொகத்தக் காட்டுங்க நானா. ஒருக்கா."

"மண் போட்டாச்சி தங்கச்சி."

 "ஏலாம எண்டுதானே எழுதின?" என்று அவள் கேட்டாள். 

அடக்கம் முடிந்துவிட்டதால், படிப்பை முடித்துக்கொண்டே வரும்படி உம்மா சொல்லிவிட்டாள். படிப்பு முடிந்து ஜஹானா வந்திறங்கிய அன்று வீடு நிறைந்திருந்தது. வாப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். தூங்குவது போல என்றாள் உம்மா. சிரித்தாற்போல என்றார் மாமா. ஒளியாக இருந்தது என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பாலேயே அவளால் எவரையும் நம்ப முடியவில்லை. நஸீபிடம் மட்டும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை அவனே வந்து கூப்பிட்டான். "வாங்க, மையவாடிக்குப் போவம்."

அடக்கம் செய்யும் மையவாடிக்குள் அந்த ஊரில் பெண்கள் போவதில்லை. இருவரும் மதிலோரத்தில் வீதியில் நின்றார்கள். நாட்கணக்காகப் பெய்த மழையில் புல் உயர்ந்து, அடக்கிய இடங்களில் அடையாளமாக நட்ட மீசான் கட்டைகளை மறைத்திருந்தது.

"எது நானா?"

"அந்தா, அந்த மரத்துக்கு அங்கால."

"வெளங்குதில்ல."

அவன் மரத்தையும் அவளையும் பார்த்தான். செருப்பைக் கழற்றினான்.

"நான் பெய்த்து நிக்கியன். நான் நிக்கிய எடத்தப் பாருங்க. பொய்யில்ல, அதுதான் எடம்."

ஈரப் புல்லை விலக்கிக்கொண்டு நடந்து, மரத்தைத் தாண்டி ஓரிடத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டான். கம்பளை பஸ் ஒன்று அவளுக்குப் பின்னால் இரைந்துகொண்டு போயிற்று. ஜஹானா மதிலை இரு கைகளாலும் பற்றியபடி பார்த்தாள். சற்றுப் பொறுத்து நஸீப் திரும்பி, போதுமா என்பது போல அவளை நோக்கினான்.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். அவன் மறுபடியும் குனிந்து, அங்கேயே நின்றான்.